தெரிவிக்க வேண்டாம்

பூபதி குடித்துவிட்டு வைத்த டீ இனித்தது.

தன் உதிரிபாகக் கடையிலிருந்து போன் வந்ததும், பேக்கரியில் வாங்கிவந்த டீயைப் பாதி டம்ளரோடு அப்படியே வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடியிருந்தான். ஆந்திராவுக்குப் போகவேண்டிய போர்வெல் ரிக் லாரி ஒன்று உதிரிபாகம் இல்லாமல் நின்றிருந்தது. அவன் மனைவி சுகந்தி வயிற்றெரிச்சல் மாத்திரையை வாயில் போட்டிருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இல்லை. டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். மாத்திரை உள்ளே போன பிறகுதான் நாக்குக்கு உறைத்தது.

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, சர்க்கரை.

திருச்செங்கோட்டில் சர்க்கரை வியாதிக்காரனுக்கு யாரும் சர்க்கரை போட்ட டீ கொடுக்க முடியாது. ஊரின் ஆஸ்பத்திரிகள், ரத்தப் பரிசோதனை நிலையங்கள், மருந்துக்கடைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கூட்டு என்ற அமைப்பாகி வருஷங்கள் ஆகின்றன. பிறகு மளிகைக்கடை, மெஸ், பேக்கரி, பேருந்துக் கம்பெனி எல்லாம் அதில் சேர்ந்துகொண்டன. முன்பெல்லாம் ஆள் படுத்தால் ஆஸ்பத்திரிக்கு வரும்படி. இப்போது தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. ஊர் ஆரோக்கியமாக இருந்தால் மிச்சமாவதைக் கூட்டாளிகள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே உங்கள் உடம்பின் மேல் டாக்டருக்கு இருக்கும் அக்கறை பேக்கரிக்காரருக்கும் இருக்கிறது. பேக்கரியின் டீ மெஷினில் உங்கள் பெயரை அழுத்தினால் உங்களுக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை அது பார்த்துக்கொள்ளும். பூபதிக்குச் சுத்தமாகக் கிடையாது. சுகந்திக்கு அரைச் சர்க்கரை என்றார்கள். அவள் அதையும் வேண்டாமென்று சொல்லி, அவனுக்குத் துணையாக வெறும் டீதான் குடித்துவந்தாள்.

கூட்டினால் ஊருக்கு நல்லது நடந்தது. இதில் பொய் இல்லை. கால் எடுத்தவர்களைத் தெருவில் பார்ப்பது குறைந்துவிட்டது. டயாலிசிஸ் மையம் ஒன்றை மூடி அங்கே கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் சிலருக்கு ஒருநாள் சர்க்கரை திரும்பி வரும். பஜ்ஜி வரும், மிக்சர் வரும், பிரியாணிக்கு இருந்த தடை போய்விடும். வீட்டில் இருப்பவர்கள் வியாதி கட்டுப்பட்டுவிட்டதாகச் சந்தோஷப்படுவார்கள். கூட்டுக்குள் வேலை செய்பவர்களுக்குத்தான் அதன் பெயர் தெரியும். தளர்வு. இனி இந்த உடம்பைக் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, விருப்பப்பட்டதைச் சாப்பிடட்டும் என்று அர்த்தம்.

சுகந்தி கூட்டுக்குள் வேலை செய்பவள்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கொஞ்ச நாளாகவே பூபதி சரியில்லை. அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போகிறான். பாதத்தில் பட்ட சின்னக் கீறல் ஆறமாட்டேன் என்கிறது. கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிவிடுகிறான். கேட்டால் வெயில் என்கிறான். மாசி மாதத்தில் என்ன வெயில்.

அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். கூட்டில் பெயர் பதியும்போது ஒரு கேள்வி உண்டு: மோசமான செய்தி என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? பூபதி தன் அண்ணன் பெயரைக் கொடுத்திருந்தான். "உனக்குச் சொன்னா நீ தாங்க மாட்ட" என்றான் அப்போது. அவள் அவன் பெயரைக் கொடுத்தாள். எல்லோரும் இப்படித்தான். தன் பெயரையே தனக்குக் கொடுத்த ஒருவரையும் சுகந்தி பார்த்ததில்லை.

*

அவள் வேலையே அந்தச் செய்தியைச் சொல்வதுதான். பெயர் 'உறவுத் தொடர்பு'. நீளமான அறை, நான்கு மேஜை, நான்கு போன். ரத்தத்திலோ ஸ்கேன் படத்திலோ ஏதாவது தெரிந்தால், சம்பந்தப்பட்ட ஆளுக்கே தெரிவதற்கு முன்னால், அவர் பதிந்துவைத்த உறவுக்காரரை அழைக்க வேண்டும். முதல் கேள்வி எழுதிக்கொடுத்தது: "உக்காந்திருக்கீங்களா?" கடைசி வாக்கியமும் எழுதிக்கொடுத்தது. நடுவில் அவரவர் சாமர்த்தியம்.

அன்று காலை முதல் அழைப்பு சங்ககிரிக்கு.

"உக்காந்திருக்கீங்களாங்க?"

"வண்டில இருக்கறனுங்க. சொல்லுங்க."

"ஓரமா நிறுத்திக்குங்க."

நிறுத்தினான். சொன்னாள். அவன் அம்மாவுக்கு நுரையீரலில் கட்டி. எதிர்முனையில் லாரியொன்று கடந்து போனது.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாங்க. தெரிஞ்சா அந்த வருத்தத்துலயே போயிரும்."

"சரிங்க." சுகந்தி திரையில் 'தெரிவிக்க வேண்டாம்' என்ற பொத்தானைத் தொட்டாள். "நீங்க தைரியமா இருங்க. மத்ததைக் கூட்டு பாத்துக்கும்."

போனை வைத்தபோது பக்கத்து மேஜை நிவேதா டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஜாங்கிரி.

"என்ன நிவேதா, தெனம் தெனம். யாருக்குக் கல்யாணம்?"

"சும்மாதாங்க்கா. சாப்பிடுங்க. அரைத் துண்டு எடுத்தா என்னாயிடும்?"

"வயிறு எரியுதுடி."

"அப்ப நாளைக்கு மைசூர்பாகு," என்று சிரித்தாள் நிவேதா. சிரிப்பு முடிவதற்குள் திரையின் பக்கம் திரும்பிவிட்டாள். தீபாவளியிலிருந்து இந்தப் பெண் இப்படித்தான். கஷ்டமான அழைப்புகளைத் தானே எடுத்துக்கொள்கிறாள். வாசலில் செருப்பைக் கூட எடுத்து நேராக வைக்கிறாள். நல்ல வளர்ப்பு என்று சுகந்தி நினைத்திருந்தாள்.

மதியம் அரவிந்தன் டாக்டரின் அறைக்குப் போனாள். கூட்டின் மருத்துவத் தலைவர். பணிக்காலம் முடியப்போகிறது. மேஜையில் தயிர்சாதம் பாதி சாப்பிட்டபடி இருந்தது.

"சார், தளர்வு எப்படிக் குடுக்கறாங்க?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எதுக்கும்மா கேக்கறீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்திருக்காங்க போல."

"பூபதிக்கா?" அவர் முகத்தில் என்னவோ தளர்ந்தது. சுகந்திக்கு அது எரிச்சலாக இருந்தது. "அவரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நெசமாவே."

"அவரைப் பத்திச் சொல்ல வேண்டாம் சார். முறையைச் சொல்லுங்க. இத்தனை வருஷமா பொத்தானை அழுத்தறேன். அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு யாரும் சொன்னதில்ல."

டாக்டர் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நோய் தெரிஞ்சதும் ரெண்டு வழி. சிகிச்சை, இல்லேன்னா தளர்வு. சிகிச்சைன்னா ஆளுக்கு விஷயம் தெரியணும். தெரியாம ஒருத்தர் உடம்புல அவ்வளவு கடுமையான மருந்தை ஏத்த முடியாது. சட்டம் அது. நல்ல சட்டந்தான்."

"சரி."

"குடும்பம் 'தெரிய வேண்டாம்'னு சொல்லுது. நீங்க பொத்தானைத் தொடறீங்க. அப்ப சிகிச்சை இல்ல. தளர்வு."

சுகந்தி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க சிகிச்சை வேண்டாம்னு சொல்லலையே சார். சொல்ல வேண்டாம்னுதானே சொல்றாங்க."

"இந்த ஏற்பாட்டை எழுதினவங்க வெளிநாடு. அங்கெல்லாம் அவனவன் பேரையே அவனவன் பதிஞ்சு வெச்சிருப்பான். ஒருத்தன் 'எனக்குத் தெரிய வேண்டாம்'னு சொன்னா, விட்டுருங்க, நிம்மதியாப் போறேன்னு அர்த்தம். அதை அப்படியே இங்க கொண்டுவந்து வெச்சுட்டாங்க."

"தப்புன்னு யாருக்கும் தோணலையா?"

"தோணுச்சு. ரெண்டாவது வருஷமே நான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள நம்ம ஊர் முடிவுகள் நாட்டுலயே முதலா வந்துருச்சு. சிகிச்சை தோல்வி நம்ம கிட்டதான் ரொம்பக் குறைவு." அவர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஆரம்பிக்காத சிகிச்சை தோக்காதும்மா."

வெளியே யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

"இதைத் திருப்ப முடியுமா சார்?"

"முடியும். ஆளே வந்து, எனக்கு என்னன்னு சொல்லுங்கன்னு கேக்கணும். கேட்டா சிகிச்சை தொடங்கும். ஆனா பதிவுல இருக்கற உறவுக்காரரும் கூட வந்து, முழு விவரமும் படிச்சுக் கையெழுத்துப் போடணும். வேற ஆள் போட முடியாது."

"முழு விவரம்னா?"

"நோய் எப்பத் தெரிஞ்சது. சிகிச்சை எப்ப நின்னது. யார் சொல்லி நின்னது."

"இதுவரைக்கும் யாராவது வந்திருக்காங்களா?"

"ரெண்டு மூணு பேர் வாசல் வரைக்கும் வந்தாங்க. ஒரு அம்மா இங்க உக்காந்து எல்லாம் கேட்டுது. என்ற மகன் கிட்ட அதைப் படிக்கக் குடுக்காதீங்க சாமின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

அவள் கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். "சுகந்தி." திரும்பினாள். அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு ஸ்பூனை எடுத்துக்கொண்டார். "சாயங்காலம் சீக்கிரமே கெளம்புங்க. வேலையை நிவேதா பாத்துக்கும்."

*

பூபதியின் அண்ணன் சண்முகசுந்தரம் கொல்லப்பட்டி போகும் வழியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். சுகந்தி ஸ்கூட்டரை நிறுத்தியபோது முட்டைத் தட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா அம்மிணி. இந்நேரத்துக்கு?"

"மாமா, கூட்டுல இருந்து உங்களுக்குப் போன் வந்துச்சா?"

"எதுக்கு?"

"அவரைப் பத்தி."

"இல்லியே." தட்டைக் கீழே வைத்தார். "என்ன அம்மிணி, அவனுக்கு என்ன?"

"மறைக்காதீங்க மாமா."

"ஏய், எனக்கு ஒரு போனும் வரல. மலைச் சாமி மேல சத்தியம்."

தொழிலில் பழக்கமானதுதான் இது. போன் வந்தவர்கள் எல்லோரும் வரவில்லை என்றுதான் சொல்வார்கள். சத்தியம் செய்பவர்களுக்கு நிச்சயமாக வந்திருக்கும். நோயாளியின் தலையில் அடித்தே சத்தியம் செய்தவர்கள் உண்டு. அன்பு அதிகமாக அதிகமாகப் பொய் சுத்தமாகிவிடும்.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க அவருக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லியிருந்தா, அவருக்கு மருந்தே தொடங்க மாட்டாங்க. வாங்க, நாளைக்கே போய்க் கையெழுத்துப் போடுங்க."

சண்முகசுந்தரத்துக்குக் கோபம் வந்தது. "வராத போனுக்கு எந்தக் கையெழுத்தைப் போடறது? உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?" பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்தார். "ஆனா அவன் சரியில்லைங்கறது வாஸ்தவம். தீபாவளி கழிச்சு ஒருநா வந்தான். வண்டியை விட்டே எறங்கல. என்னடான்னு கேட்டா, ஒண்ணுமில்லண்ணா, சும்மா இந்தப் பக்கம் வந்தேங்கறான். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. நான் உங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு நெனச்சுட்டேன்."

"எங்களுக்குள்ள என்ன சண்டை."

"அதான். உனக்கு ரெண்டு தட்டு முட்டை குடுத்துவுட்டேன் பாரு அன்னைக்கு. அவளுக்குத் தெம்பு வேணும், அண்ணான்னு கேட்டு வாங்கிட்டுப் போனான்."

சுகந்தி ஸ்கூட்டரில் பாதி தூரம் வந்த பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பிறகு அதை ஒதுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

*

காலையில் டீ வாங்கப் போவது பூபதிதான். இரண்டு டீயைத் தனித்தனிச் சின்ன பிளாஸ்கில் வாங்கிவந்து, சமையலறைக்குப் போய் அவனே டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுப்பான். முன்பு ஊற்றுவது அவள் வேலையாக இருந்தது. எப்போது மாறியது என்று யோசித்தாள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நீ உக்காரு நான் ஊத்தறேன் என்றான். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அவன் குளிக்கப் போனதும் பிளாஸ்க் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள்.

பேக்கரியில் கூட்டமில்லை. கல்லாவில் இருந்த உன்னி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பாலக்காட்டுக்காரர். ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது.

"சேச்சி எதுக்கு வந்தீங்க? அண்ணன் வருவாரில்ல?"

"அவரு குளிக்கறாரு. அவரு டீயை மொதல்ல குடுங்க. இங்கயே குடிக்கறேன்."

உன்னி பூபதியின் பெயரை அழுத்தினார். மெஷின் ஊற்றியது. சுகந்தி குடித்தாள்.

கசப்பு. எப்போதும்போல வெறும் டீ.

இன்னொரு வாய் குடித்தாள். ஒரு துளி இனிப்பு இல்லை. பூபதிக்குத் தளர்வு இல்லை. பூபதிக்கு ஒன்றுமே இல்லை. சாமிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

பிறகு டம்ளரைப் பலகையில் வைத்தாள்.

"உன்னி. இப்ப என்னோடது."

"சேச்சியோடது நான் பிளாஸ்கில ஊத்தித் தரட்டா? வீட்டுக்குப் போயி..."

"என்ற பேரை அழுத்துங்க."

உன்னி மெஷினைப் பார்த்தார். அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தினமும் பெயர்களை அழுத்துகிறவர். யாருக்குச் சர்க்கரை திரும்புகிறது, அப்புறம் எத்தனை நாள் அவர்கள் கடைக்கு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். அழுத்தினார்.

அதை அவள் பொறுமையாகக் குடித்தாள். நல்ல டீ. நிறைய சர்க்கரை, ஏலக்காய்கூட இருந்தது. வெறும் டீ போதும் என்று அவள் சொல்லிவைத்ததை மெஷின் எப்போதோ மறந்துவிட்டிருந்தது. சர்க்கரைக்காரனான பூபதி இதைத் தினமும் காலையில் தன் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, தன்னுடையதை அவளிடம் கொடுத்திருக்கிறான். அவள் நாக்குக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. பாதத்தில் கீறல் ஆறாததற்கும், உட்கார்ந்த இடத்தில் தூங்குவதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தீபாவளியின்போது பக்கத்து மேஜையிலிருந்து ஒரு அழைப்பு போயிருக்கும். உக்காந்திருக்கீங்களா என்று நிவேதா பூபதியிடம் கேட்டிருப்பாள். அறைக்குள் சுகந்தி இருக்கும்போதே கேட்டிருப்பாளோ.

எந்த உறுப்பு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் கை தானாகப் போயிற்று.

உன்னி பிளாஸ்க் இரண்டையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பொட்டலத்தில் தேங்காய் பன் வைத்து நீட்டினார். அவள் கேட்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"இருக்கட்டும் சேச்சி," என்றார்.

*

பூபதி தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தபோது, மேஜையில் இரண்டு டம்ளரிலும் டீ ஊற்றி வைத்திருந்தாள். அவன் பிளாஸ்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நீ எதுக்குப் போன?"

"சும்மாதான்."

அவன் கை வழக்கமான டம்ளருக்கு நீண்டது. அவள் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"அது என்னுது புள்ள."

"இல்லீங்க. இது என்னுது."

துண்டு அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. கடைத்தெருவில் ரிக் லாரியொன்று ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப் சத்தம் வந்துகொண்டேயிருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்ல," என்றான். "சின்னதாத்தான் இருக்குதாமா. ஆரம்பத்துலயே பாத்துட்டாங்களாமா. உனக்குத் தெரிய வேண்டாம்னு மட்டுந்தான் நான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. தெரியாமலேயே கொணமாகிப் போகட்டும்னுதான். மருந்தெல்லாம் ஏதோ ஒரு வழியில சேத்திக் குடுத்தர்றாங்க போல. உனக்கு எரிச்சலுக்குக் குடுக்கற மாத்திரை, அதுலதான் இருக்கும்னு நெனச்சேன். உன்ற டீ இனிக்குதுன்னு தெரிஞ்சா, என்னமோன்னு நீ கேப்பேன்னுதான் மாத்தி ஊத்துனேன்." அவன் அவள் முகத்தில் எதையோ தேடினான். "மத்ததைக் கூட்டு பாத்துக்கும்னு சொல்லுச்சு அந்தப் புள்ள."

அந்த வாக்கியத்தை அவளே சொல்லியிருக்கிறாள். நேற்றுச் சங்ககிரிக்காரனிடம்கூட. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு, அவனும் இப்படித்தான் நம்பிப் போயிருப்பான்.

"நான் சொன்னது தப்பில்லையே சுகந்தி?"

இல்லீங்க என்று சொல்லிவிடலாம். மிகச் சுலபம். இந்த ஊரில் எல்லோருக்கும் அது வாயில் தயாராக இருக்கிறது. சொல்லிவிட்டால் அவன் நிம்மதியாக இருப்பான். அவள் போகிற வரைக்கும் இருப்பான், போன பிறகும் இருப்பான். ஒரு அம்மா டாக்டரின் அறை வரை வந்து திரும்பிப் போனது இந்த ஒரு பதிலைக் காப்பாற்றத்தான்.

சொல்லாவிட்டால், அவன் அந்தத் தாளைப் படிக்க வேண்டும். தீபாவளியிலிருந்து மாசி வரைக்கும் யார் சொல்லி நின்றது என்ற வரியின் கீழே அவன் பெயர் இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவள் பிழைத்தாலும் அந்த வரி அழியாது. பிழைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். நாற்காலியை இழுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"ஏனுங்க," என்றாள். குரல் ஆபீசுக் குரலாக வந்தது. "உக்காருங்க."